வாசனைகள் கண்மாய்க்குப் போன ஐந்து நாள்

சந்தனமாரி உப்பு லாரியின் மேல், மூட்டைகளுக்கு நடுவே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு புதூரணிக்கு வந்து இறங்கிய அந்த வியாழக்கிழமை மத்தியானம், ஊரில் மொத்தம் ஆறு லாட்ஜுகள் இருந்தன, ஆறிலும் அறை காலியாக இருந்தது, ஆனால் அவள் மூச்சுவிடக்கூடிய அறை ஒன்றுகூட இல்லை.

பஸ்ஸில் அவளால் வர முடியாது. பக்கத்து சீட்டுக்காரியின் பவுடர், டிரைவர் தலைக்கு மேல் தொங்கும் எலுமிச்சை வாசனைக் குப்பி, யாரோ ஒருவர் சட்டையில் ஊறியிருக்கும் சலவைத் திரவம், இதில் எது ஒன்று பட்டாலும் போதும், தொண்டை சுருங்கி, உதடு வீங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். நிஜமான பூ அவளை ஒன்றும் செய்வதில்லை. மீன் நாற்றம் செய்வதில்லை, சாக்கடைகூடச் செய்வதில்லை. ஆலையில் கலந்து டப்பாவில் அடைத்த வாசனைதான் ஆகாது. அதனால்தான் ஒன்பது வருஷமாகக் கடலோரத்தில் உப்பளத்தில் வேலை பார்த்தாள். அங்கே காற்றும் உப்பும் வெயிலும்தான், வேறு ஒன்றும் கிடையாது.

அவளுக்கு இந்த வியாதி வந்ததே புதூரணியில்தான். அறைகளுக்கு அடிக்கிற வாசனைத் திரவம் கலக்கும் கொட்டகை ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. அதில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகையின் முன்பக்கம் தீப்பிடித்தது. பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே ஏழு பெண்கள் இருந்தார்கள். காற்றாடி கழற்றி வைத்திருந்த ஓட்டை வழியாகச் சந்தனமாரி மட்டும் வெளியே விழுந்தாள், மற்ற ஆறு பேரும் வரவில்லை.

கதவை யாருமே பூட்டவில்லை, தூங்குவதற்காகப் பெண்களே உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள் என்பது முதலாளி தரப்பு வாதம். பூட்டு கிடைக்கவில்லை, சாவியும் கிடைக்கவில்லை. பூட்டும் சத்தத்தைக் கேட்டவள் உயிரோடு ஒருத்திதான் இருந்தாள். அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டு இரண்டு தடவை சம்மன் வந்தது. முதல் தடவை லாட்ஜ் அறைக்குள் போன ஒரு மணி நேரத்தில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் தடவை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்தாள், விடியும்போது பினாயில் ஊற்றிக் கழுவ வந்துவிட்டார்கள். இரண்டு தடவையும் கோர்ட்டில் அவள் பேரைக் கூப்பிட்டபோது பதில் இல்லை. சாட்சி வேண்டுமென்றே ஒளிகிறார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார். வருகிற திங்கட்கிழமை வராவிட்டால் அவள் சாட்சியம் முடிந்ததாக எழுதிவிடுவேன் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதனால் அரசு வக்கீல் மெர்சி நான்கு நாள் முன்னாலேயே வந்துவிடச் சொல்லியிருந்தார், ஊர்க் காற்று பழகட்டும் என்று.

முதல் லாட்ஜில், வாசனை இல்லாத அறை வேண்டுமென்று அவள் சொன்னதும், மேனேஜர் ரொம்பவும் வருத்தப்பட்டு, அறையில் நாற்றம் அடிக்கிறது போல என்று ஓடிப்போய் இன்னும் நாலு தடவை மருந்தை அடித்துவிட்டு வந்தார். இரண்டாவதில் மெத்தை விரிப்பில் லாவெண்டர். மூன்றாவதில் பாச்சை உருண்டை. நான்காவதில் சுவரிலேயே வாசனைப் பெட்டி செருகியிருந்தது, கழற்ற முதலாளி உத்தரவு வேண்டும் என்றார்கள். ஐந்தாவதில் வாசலோடு திரும்பினாள். ஆறாவது, கச்சேரி ரோட்டில் எட்டே எட்டு அறையுள்ள தவசி லாட்ஜ். தவசிலிங்கமும் அவர் மனைவி சீனியம்மாளும் நடத்தியது.

தவசிலிங்கம் நோட்டைத் திறந்து பேர் எழுதினார், ஊர் எழுதினார், எதற்காக வந்திருக்கிறாள் என்ற இடத்தில் கோர்ட் என்று எழுதினார். எழுதினதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அறையைச் சுத்தம் பண்ணிவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனார், இறங்கி வந்தார், ரெடி என்றார். சந்தனமாரி கதவைத் திறந்ததுதான் தெரியும். ரோஜாவும் சந்தனமும் மல்லிகையும் ஒன்றாகச் சேர்ந்து மேலே விழுந்தன. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, தெருவாசலுக்கு வந்து, சிமெண்டுப் படியில் சாய்ந்தாள். சீனியம்மாள் செம்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள். ஆறு லாட்ஜும் முடிந்துவிட்டது. இனிப் போக இடமில்லை.

சந்தனமாரி யாரையும் திட்டவில்லை, அழவும் இல்லை. கல்யாண வீட்டில் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காருகிறவள் அறையில் இருக்கிறவர்களைக் கேட்டுக்கொள்வாளே, அந்த மாதிரி மரியாதையாக, முழங்காலில் நெற்றியை வைத்தபடி, "கொஞ்சம் எல்லாரும் வெளிய போயி இருங்களேன்," என்றாள்.

வாசனைகள் போயின.

முதலில் மாடி அறையிலிருந்து ரோஜா இறங்கியது, பின்னால் சந்தனம், அதன் பின்னால் மல்லிகை, அவள் மேல் பட்டுவிடாமல் படியின் ஓரமாக ஒதுங்கி இறங்கித் தெருவுக்குப் போயின. அப்புறம் எதிரே இருந்த பேன்சி ஸ்டோரிலிருந்து, சலூனிலிருந்து, துணிக்கடையிலிருந்து, டாக்டர் வீட்டுக் கழிப்பறையிலிருந்து, கார்களுக்குள்ளிருந்து, பெண்களின் கழுத்திலிருந்து, பீரோவில் மடித்து வைத்த பட்டுச்சேலைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நிறம் எதுவும் இல்லை. தார்ரோட்டு வெயிலில் காற்று நெளியுமே, அப்படி ஒரு நெளிவு, ரோட்டின் இடப்பக்கமாகவே ஊர்ந்து போனது. கூட்ஸ் வண்டிக்காக ரயில்வே கேட் சாத்தியிருந்தது, கேட் திறக்கிற வரைக்கும் நின்றன. பொழுது சாய்வதற்குள் ஊருக்கு மேற்கே தண்ணீர் வற்றிக் கிடந்த பெரிய கண்மாயில் போய்ச் சேர்ந்து, கருவேல மரங்களுக்கு நடுவே, மந்தை மாடு மாதிரி படுத்துக்கொண்டன.

ஏன் என்று புதூரணியில் யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. மழை வராத வருஷம், என்னவெல்லாமோ நடக்கிறது, அதில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பவுடர் வெறும் மாவாக இருந்தது, சோப்பு வெறும் நுரையாக இருந்தது, ஊதுபத்தி வெறும் புகையாக இருந்தது. அன்றைக்கு ஒரு முகூர்த்தம். வாசலில் பன்னீர்ச் செம்பிலிருந்து தெளித்தது தண்ணீராகவே விழுந்தது, வந்தவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிட்டார்கள். பேன்சி ஸ்டோர் மரியசூசை காலி பாட்டில்களை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போய், மூடிகளைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வாசனையையும் அதன் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வெயிலில் முகம் கறுத்துத் திரும்பி வந்தார். மேயப் போன ஆடுகள் தும்மிக்கொண்டே வந்ததால் கிடையை வேறு பக்கம் மாற்றினார்கள். கண்மாயை ஒட்டிப் போகும் பஸ்களில் அந்த இடம் வந்ததும் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கண்டக்டர்கள் பழக்கினார்கள். நகராட்சி கரையில் ஒரு கயிறு கட்டியது. இரண்டே நாளில், எல்லாம் ரொம்ப நாளாக இப்படித்தான் என்பது போல் ஆகிவிட்டது.

ஊர் தயாராக இல்லாத விஷயம் வேறொன்று. போர்வை போன பிறகு அடியில் இருந்தது வெளியே வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஸ்வீட் ஸ்டாலில் எட்டு நாள் எண்ணெய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெண்கள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு அணில்கள் செத்துக் கிடந்தன, அந்தத் தண்ணீரை நானூறு பிள்ளைகள் குடித்திருந்தார்கள். குடியை விட்டுவிட்டேன் என்று பிள்ளை தலையில் சத்தியம் செய்திருந்த தாலுகா ஆபீஸ் கிளார்க் மனைவிக்கு முன்னால் வாயைத் திறக்கவில்லை. தையற்காரி ஒருத்தி வீட்டிலிருந்து அடுப்பு மூட்டாத வீட்டின் மணம் வந்தது. இரண்டு நாளாய் மூட்டவில்லை, ஊதுபத்தி மட்டும் ஏற்றி வைத்திருந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி சோற்றுச் சட்டியோடு போனபோது முதலில் கதவைச் சாத்திக்கொண்டாள், அப்புறம் திறந்தாள்.

சனிக்கிழமை காலை நடந்ததுதான் ஊரை உட்கார வைத்தது. கச்சேரி ரோட்டு முனையில் இரும்புக் கடைக்காரர் வீடு, இரண்டு மாடி. அவருடைய அப்பா மும்பையில் மகள் வீட்டில் இருப்பதாகத்தான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டின் பின்கட்டிலிருந்து வந்த நாற்றத்தைச் சீனியம்மாள்தான் முதலில் பிடித்தாள். ஏதோ மாடு செத்துக் கிடக்கிறது என்று நினைத்தாள். நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போய்க் கதவைத் திறக்கச் சொன்னாள், சந்தனமாரியும் கூடப் போயிருந்தாள். உள்ளே கட்டிலில் அப்பா கிடந்தார். பதினோரு மாதம் படுக்கை, முதுகு முழுக்கப் புண். நாலு சுவரிலும் நாலு வாசனைப் பெட்டி செருகியிருந்தது. அவர் வந்தவர்களைப் பார்த்துவிட்டு, விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்திருக்கப் பார்த்தார்.

யாரும் மகனை அடிக்கவில்லை. அடிக்கலாம் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. நாத்தம் வெளியே வந்துவிடக் கூடாது என்றுதான் கவலையாக இருந்தது, உள்ளே இருக்கிறவர் ஞாபகமே வரவில்லை என்று மகன் மெதுவாகச் சொன்னார், அவருக்கே அது ஆச்சரியமாக இருந்த மாதிரி. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்றைக்குக் கடைவீதியில் யாரும் யாரோடும் பேசவில்லை. சாயங்காலத்துக்கு மேல், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்பதற்குள், ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக் கதவைத் தாங்களே திறந்து வைக்க ஆரம்பித்தார்கள்.

சந்தனமாரி ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஊருக்குள், ஒரு அறைக்குள், நெஞ்சு நிறைய மூச்சு விட்டுத் தூங்கி எழுந்திருந்தாள். அந்த மூச்சுக்காக ஊரே உரிந்து கிடக்கிறது என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சீனியம்மாளிடம் மட்டும் சொன்னாள், நான் சொல்லித்தான் போச்சு என்று. அவள் சொன்னது சீனியம்மாள் காதிலும் விழுந்திருந்தது. இதையெல்லாம் போய் யாரிடம் சொல்லப் போகிறாய், பேசாமல் வெண்டைக்காயை நறுக்கு என்றாள். நறுக்கிக்கொண்டே தன் கதையைச் சொன்னாள். பிள்ளை இல்லை. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசினதில்லை. கையை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். முன்னால் ஹோட்டலில் வேலை பார்த்தபோது புரோட்டாக் கல்லில் பட்டு இரண்டு உள்ளங்கையும் வெந்துபோனதாம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சந்தனக் கிரீம் தடவிக்கொள்வார். இப்போது அதில் வாசனை இல்லை என்று இரண்டு நாளாகச் சோறே இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவில் முறை வைத்து ஆஸ்பத்திரிப் பெரியவருக்குக் கஞ்சி கொண்டுபோனதில், சீனியம்மாளின் முறை வந்தது. அவள் போயிருந்தாள். அதுவரை தண்ணீர்க் குடத்தை அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடும் தவசிலிங்கம் அன்றைக்குக் கையிலேயே கொண்டு வந்தார். குடத்தை வாங்கக் கையை நீட்டின சந்தனமாரி அப்படியே நின்றாள்.

இருமல் வரவில்லை. தொண்டை அடைக்கவில்லை. ஒரு மணம் வந்தது. நாலாம் நம்பர் மல்லிகை என்று கொட்டகையில் ஒரு திரவம் உண்டு, அது எரிந்த மணம், கூடவே அரக்கும் முடியும் சூடான இரும்பும். உலகத்தில் ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு மத்தியானம் இருந்த மணம். மற்ற வாசனைகளெல்லாம் கண்மாய்க்குப் போனபோது இது போகவில்லை. இது வாசனையாக இருப்பதை விட்டு ஒன்பது வருஷமாகித் தோலாகியிருந்தது.

"அண்ணாச்சி, உள்ளங்கையக் காட்டுங்க," என்றாள்.

அவர் குடத்தைக் கீழே வைத்தார். மறைக்கப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் விரித்தார். வலது உள்ளங்கையின் நடுவில் பூட்டின் அச்சு, வளையத்தோடு, பளபளவென்று பதிந்திருந்தது.

அவர் நின்றபடியே சொன்னார். கொட்டகையில் ஸ்டோர் பார்த்தது அவர்தான், ஸ்டோருக்கு வாசல் வேறு பக்கம், பெண்கள் அவரைப் பார்த்ததே கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் பாட்டில் வெளியே போகிறது என்று பின்கதவைப் பூட்டச் சொன்னது முதலாளி. தினமும் பூட்டினார், தினமும் திறந்தார். அன்றைக்குப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். புகையைப் பார்த்து ஓடி வந்து பூட்டைப் பிடித்தபோது அது கொள்ளி மாதிரி இருந்தது, சாவி திரும்பவில்லை. பிறகு முதலாளியின் ஆட்கள் வந்து பூட்டை எடுத்துக்கொண்டு போனார்கள், வெளியூருக்குப் போய் இரு என்றார்கள். நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, கல்யாணம் பண்ணி, லாட்ஜ் வைத்தார். நோட்டில் அவள் பேரை எழுதும்போதே தெரிந்துவிட்டது. மாடிக்குப் போய் மூன்று டப்பாவை அறையில் காலி பண்ணினது சுத்தம் செய்வதற்காக இல்லை. மூன்றாவது தடவையும் அவள் மூச்சுமுட்டித் திரும்பிப் போனால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தார்.

சந்தனமாரி இந்த வீட்டில் நாலு நாள் சாப்பிட்டிருக்கிறாள். இந்த மனுஷன் கொண்டுவந்த தண்ணீரில் குளித்திருக்கிறாள். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தாள், வந்தது வேறு.

"நாங்க கதவைத் தட்டுனோம். உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் விரித்திருந்த கையை மூடிக்கொண்டார்.

"கேட்டுச்சு. பூட்டைப் புடிச்சிட்டு நின்னப்போ கேட்டுச்சு. அப்புறம் கேக்கல."

அவ்வளவுதான். அவர் படியிறங்கிப் போனார். சாயங்காலம் சீனியம்மாள் வந்து, பெரியவர் இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார் என்று சந்தோஷமாகச் சொன்னாள். சந்தனமாரி எதுவும் சொல்லவில்லை. இங்கிருந்து கிளம்பினால் இருட்டுவதற்குள் எங்கே போவது என்று யோசித்தாள், இப்போது ஊரில் எந்த லாட்ஜிலும் தங்கலாம் என்பது நினைவு வந்தது, ஆனாலும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கடைசிவரைக்கும் அவளால் சொல்ல முடிந்ததில்லை. கதவை மட்டும் தாழ்ப்பாள் போடாமல் படுத்தாள்.

திங்கட்கிழமை காலை பேர் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினாள். மெர்சி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, பூட்டினதைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை, கேட்டேன் என்றாள். தாழ்ப்பாள் சத்தமாகக்கூட இருக்கலாம் இல்லையா என்றார். தாழ்ப்பாள் சத்தம் உள்ளே கேட்கும், பூட்டின் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்றாள். உங்களைத் தவிர அதைச் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, அவர் நீதிபதியைப் பார்த்துச் சிரித்தார். சந்தனமாரி கூண்டின் கம்பியைப் பிடித்தாள். இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். மூச்சு இருந்தது, வார்த்தை வரவில்லை.

அப்போதுதான் கோர்ட் அறைக்குள் அந்த மணம் வந்தது.

எல்லோருக்கும் வந்தது. வாசனை எதுவும் இல்லாத ஊரில் அதை மறைக்க ஒன்றும் இல்லை. டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் கையை எடுத்தாள். முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்த முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார், திரும்பினவர் அப்படியே இருந்தார். செத்துப்போனவர்களின் வீட்டார் பின்பெஞ்சில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அந்த மணத்தை அவர்கள் எரிந்த கொட்டகையிலிருந்து தூக்கிக் கொடுத்த துணி மூட்டைகளில் ஒரே ஒரு தடவை முகர்ந்திருந்தார்கள். வாசலில் தவசிலிங்கம், இரண்டு உள்ளங்கையையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஒன்றும் புரியாமல் சீனியம்மாள்.

"பூட்டுனது நான்தாங்கய்யா," என்றார். "பூட்டச் சொன்னது அவரு."

எதிர்த்தரப்பு வக்கீல் கத்தினார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். இந்த நாற்றத்தையும் டைப் அடிக்கவா என்று அந்த அம்மாள் தயங்கிக் கேட்டாள். நீதிபதி கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்காமலேயே, அடிங்கம்மா, நான் சொல்கிறபடி அடியுங்கள் என்றார்.

மத்தியானத்துக்குள் போலீஸ் தவசிலிங்கத்தை அழைத்துக்கொண்டு போனது. புரோட்டாக் கல் என்று அஞ்சு வருஷம் நம்பின கையைச் சீனியம்மாள் ஜீப்பில் ஏறும்போது ஒரு தடவை பார்த்தாள். பிறகு சந்தனமாரியைப் பார்த்தாள், அந்த முகத்தில் ஆச்சரியம் இல்லை. தெரிந்தும் நேற்று என் வீட்டில் சாப்பிட்டாயா என்று அந்தப் பார்வை கேட்டது. கோர்ட் படியிறங்கிப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் உப்பு லாரி வந்தது. கண்மாய்க் கரையைத் தாண்டும்போது சந்தனமாரி மூட்டை மேலிருந்து குனிந்து, நான் கிளம்பிட்டேன், இனி நீங்க போகலாம் என்று சொன்னாள். வாசனைகள் எழுந்து ஊருக்குத் திரும்பின. ஆனால் அன்றைக்குப் பல வீடுகளில் அவை உள்ளே வராதபடி கதவைச் சாத்திவிட்டார்கள். இரும்புக் கடைக்காரர் வீட்டு வாசலில் லாவெண்டர் ரெண்டு நாள் நின்று பார்த்துவிட்டு வேறு எங்கோ போனது. பள்ளிக்கூடத்துத் தொட்டியை வாரா வாரம் திறந்து முகர்ந்து பார்க்க ஒரு ஆளைப் போட்டார்கள். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் பெரியவர் செத்துப்போனபோது கச்சேரி ரோடு முழுக்க வந்து நின்றது, மகனும் ஓரமாக வந்து நின்றார், யாரும் போகச் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து, தவசிலிங்கத்தின் வாக்குமூலத்தை ஒட்டிச் சந்தனமாரியை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று சம்மன் வந்தது. அவள் அதே லாரியில் வந்தாள். லாட்ஜ்களுக்குள் பழையபடி ரோஜாவும் எலுமிச்சையும் குடியேறியிருந்தன. இன்னொரு தடவை அவற்றை வெளியே போகச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை, போன தடவை ஊர் பட்டதை அவள் பார்த்திருந்தாள். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு கச்சேரி ரோட்டில் மேலேயும் கீழேயும் நாலு தடவை நடந்தாள். கடைசியில் தவசி லாட்ஜ் வாசலில் போய் நின்றாள். உள்ளே போகவில்லை. கூப்பிடவும் இல்லை.

சீனியம்மாள் வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். தலையில் பூ இல்லை, பவுடர் இல்லை, லாட்ஜுக்குள்ளிருந்து ஈரச் சுண்ணாம்பின் மணம் மட்டும் வந்தது.

"ரூம் இருக்கு. வெறும் தண்ணி ஊத்திக் கழுவி வெச்சிருக்கேன். நீங்க வருவீங்கன்னு வக்கீலம்மா சொன்னாங்க," என்றாள். பிறகு, "பேச்சு மட்டும் வேண்டாம்," என்றாள்.

மூன்று நாள் சந்தனமாரி அந்த அறையில் தங்கினாள். வேளாவேளைக்குத் தட்டு வாசலில் வந்தது, மூடி வைத்திருந்தது, சூடாக இருந்தது. கோர்ட்டுக்குப் போனாள், வந்தாள். இரண்டு பெண்களும் படியில் எதிரெதிரே வந்தால் ஒருத்தி ஒதுங்கி நின்று வழிவிட்டாள். ஜெயிலுக்கு மனுப்போட்டு அவரைப் பார்க்கப் போகும் நாளில் சீனியம்மாள் கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு மட்டும் போனாள்.

நான்காம் நாள் காலை, லாரி வரும் நேரத்துக்குச் சந்தனமாரி பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தபோது, சீனியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வழி விடவில்லை.

"ஆறு பேரு ஆறு பேருன்னு கோர்ட்டுல சொல்றாங்க," என்றாள், தெருவைப் பார்த்துக்கொண்டே. "ஆறுன்னா எனக்கு என்ன தெரியும். அவர்ட்ட கேட்டேன், அவருக்கும் தெரியல. நீங்க பேரைச் சொல்லுங்க."

சந்தனமாரி பையைக் கீழே வைத்தாள். கோர்ட்டில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. பேரெல்லாம் காகிதத்தில் இருந்தது, அதனால் கேட்க வேண்டியிருக்கவில்லை. முதல் பேரைச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரமானது.

குருவம்மா, என்றாள், பாட்டில் மூடி போடுகிறவள், வேலை நேரம் பூராவும் பேசிக்கொண்டே இருப்பாள். அந்தோணியம்மா, அவள் மகள் ஜெசிந்தா, தாயும் மகளும் ஒரே தூக்குவாளியில் சாப்பிடுவார்கள். மைமூன், அவளுக்கு அன்றைக்கு நோன்பு, சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய் உட்கார்ந்திருக்க வேண்டியவள், வெயிலாயிருக்கிறதே என்று உள்ளே வந்து படுத்தாள். சுடர்க்கொடி, பிள்ளை பெற்று மூணு மாசம் கழித்து அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பி வந்திருந்தாள், மாரில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது.

ஒவ்வொரு பேரையும் சீனியம்மாள் வாய்க்குள் திருப்பிச் சொன்னாள்.

"இன்னொண்ணு," என்றாள்.

"தங்கப்பழம். காத்தாடி ஓட்டை உசரத்துல இருந்துச்சு. அவ குனிஞ்சா. அவ தோள்ல ஏறித்தான் நான் வெளிய வந்தேன்."

லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. சீனியம்மாள் எழுந்திருக்கவில்லை, சந்தனமாரியும் போகவில்லை. அந்தக் கடைசிப் பேர் சீனியம்மாளுக்கு முதல் தடவை நாக்கில் தட்டியது. நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி சொன்னாள். இந்தத் தடவை சரியாக வந்தது.